படம் பார்த்துப் போட்ட வாக்கு – 6: யானை, விளக்கு, குடம்

சென்ற அத்தியாயம் 1924ஆம் ஆண்டின் சட்டசபைத் தேர்தலோடு முடிந்தது. அன்று இலங்கையின் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 2 இலட்சத்துச் சொச்சம் பேர், சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு. படிப்பு, வருமானம், சொத்து என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஆண்கள். வேட்பாளரின் பெயரை அச்சடித்துக் காட்டினால் அவர்களுக்குப் போதும். ஏழே ஆண்டுகளில் அந்த வேலி சரிந்தது. டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. பெண்களுக்கு 30 வயதாகியிருக்க வேண்டும் என்று அது போட்ட நிபந்தனையும் சட்டமாகும்போது 21 ஆக இறங்கியது. 1931 ஜூனில் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தபோது பட்டியலில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

அரசியல் வரலாறு எழுதுபவர்கள் இந்த இடத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பைப் பற்றிப் பேசுவார்கள். வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்ததைச் சொல்வார்கள். நமது தொடருக்கு வேண்டியது அதைவிடச் சின்னக் கேள்வி. பெயரை வாசிக்கத் தெரியாத ஒருவர் வாக்குச் சாவடிக்குள் தன் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஓர் ஊரை முன்னால் வைத்துக் கேட்டால்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். நான் எடுத்துக்கொள்வது வில்கமுவ. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மாத்தளை நகருக்கும் அதற்கும் நடுவில் நக்கிள்ஸ் மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது, மறுபக்கம் மகாவலி கங்கை. வடக்கே இன்று வஸ்கமுவ தேசியப் பூங்கா. வயல்கள், சேனைகள், ஹெட்டிப்பொல என்ற சிறு நகரம். மலேரியாவுக்குப் பயந்து சனம் ஒதுங்கி வாழ்ந்த வரண்ட வலயத்தின் ஒரு துண்டு அது. கொழும்பில் ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து தயாரித்த தாள், இங்கே சேனையில் குரக்கன் விதைக்கிறவருக்கு விளங்கினால் நாட்டில் எல்லோருக்கும் விளங்கும். விளங்காவிட்டால் அது சர்வசன வாக்குரிமை அல்ல, வாசிக்கத் தெரிந்தவர்களின் வாக்குரிமைதான்.

1931இல் கிடைத்த விடை, நிறம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தை ஒதுக்கினார்கள். அந்த நிறத்தில் அவருக்கென்று ஒரு வாக்குப் பெட்டி. வாக்காளர் தாளில் எதையும் எழுத வேண்டியதில்லை, தனக்கு வேண்டிய நிறத்துப் பெட்டிக்குள் அதைப் போட்டால் சரி. 1936 தேர்தலும் இதே முறையில்தான் நடந்தது. பேர்னாட் அலுவிஹாரை மாத்தளைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனது அந்தத் தேர்தலில்.

எழுதுகோலையே தொட்டிராத கை செய்யக்கூடிய காரியம் அது. அந்த வகையில் கெட்டிக்காரத்தனமான வடிவமைப்புத்தான். ஆனால் நிறத்துக்கு ஓர் எல்லை உண்டு. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் வரைக்கும் சிக்கல் இல்லை. ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்துவிட்டால் ஊதாவையும் கருநீலத்தையும் பள்ளிக்கூடக் கட்டடத்தின் அரையிருட்டில் பிரித்துப் பார்க்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் ஆண்களில் கணிசம் என்பது வேறு. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. எந்த அடையாளமும் இடாத தாள் என்பதால், அதைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வெளியில் அதற்கு விலை கொடுக்க ஆள் இருந்தால், கடைசியில் ஒருவர் கட்டாக உள்ளே கொண்டுபோய் வேண்டிய பெட்டியில் திணிக்கலாம். 1951–52இல் இந்தியா தன் முதல் பொதுத் தேர்தலை நடத்தியபோது சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையமும் ஆளுக்கொரு பெட்டி என்ற வழியைத்தான் பிடித்தது. நிறத்துக்குப் பதில் பெட்டியில் சின்னம் ஒட்டினார்கள். 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், அவர்களில் பெரும்பான்மையோருக்கு எழுத்துத் தெரியாது. அங்கேயும் தாள் வெளியே போகும் தொல்லை இருந்தது. 1962 பொதுத் தேர்தலில்தான் இந்தியா முழுவதும் தாளிலேயே முத்திரை குத்தும் முறைக்கு வந்தது.

இலங்கை அந்த மாற்றத்தை முன்கூட்டியே செய்துவிட்டது. சுதந்திரத்துக்கு முந்திய 1947ஆம் ஆண்டுத் தேர்தல், ஓகஸ்ட் 23 தொடங்கி செப்டெம்பர் 20 வரை தொகுதி தொகுதியாக நடந்தது. அதில் நிறத்தின் இடத்தைச் சின்னம் பிடித்தது. நிறம் அதோடு செத்துவிடவில்லை. பச்சை என்றால் ஐக்கிய தேசியக் கட்சி, நீலம் என்றால் சுதந்திரக் கட்சி, சிவப்பு என்றால் இடதுசாரி என்று இன்றும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் வாக்கைத் தீர்மானிக்கும் வேலையிலிருந்து நிறம் ஓய்வு பெற்றது. வேட்பாளரின் பெயர், அதன் பக்கத்தில் ஒரு படம், அதன் பக்கத்தில் புள்ளடி போட ஒரு கட்டம். எண்பது வருடம் ஆகப்போகிறது, ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் அந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடம். ஒரே மை. மட்டமான தாளில் இலட்சக்கணக்கில் அடிக்கும்போது மை பரவும், மெல்லிய கோடுகள் மறைந்துபோகும். யானையை முன்பக்கமாக வரைந்தால் இரண்டு காதும் ஒரு கறுப்புப் புள்ளியுமாகத்தான் தெரியும், பக்கவாட்டில் வரைந்தால் தும்பிக்கை தனியாக நிற்கும். கையை விரல் விரித்து உள்ளங்கை தெரிய வரைய வேண்டும், மூடிய கை கத்தரிக்காயாகிவிடும். சாவி, நட்சத்திரம், சைக்கிள், வீடு, சேவல், கதிரை என்று இந்த நாட்டில் நிலைத்த சின்னங்கள் எல்லாம் வெளிக்கோட்டை வைத்தே அடையாளம் காணக்கூடியவை என்பது தற்செயல் அல்ல. இந்தியத் தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்ற ஓவியர் 1992இல் ஓய்வு பெறும்வரை பென்சிலால் இந்த வேலையைத்தான் செய்தார். விசிறி, தையல் இயந்திரம், மேசை விளக்கு என்று வீட்டில் கிடக்கிற சாமான்களை அவர் வரைந்து வைத்த கோப்பிலிருந்துதான் அங்கே சுயேச்சைகளுக்குச் சின்னம் போனது. கண்காட்சி வைத்து யாரும் கொண்டாடாத ஓவியர். ஆனால் அவர் கோடுகளைப் பார்த்த கண்களின் எண்ணிக்கைக்கு ரவி வர்மாவே ஈடாக முடியாது.

வரைகிறவர் கையில் இல்லாத குணங்களும் ஒரு சின்னத்துக்கு வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே சொல்லில் சொல்ல வர வேண்டும். மேடையில் உடம்பால் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் எம்.ஜி.ஆரின் புதிய கட்சிக்கு இரட்டை இலை கிடைத்தது. இரண்டு விரலை உயர்த்தினாலே சின்னம் காட்டியாயிற்று. இங்கே பண்டாரநாயக்கவின் கட்சிக்குக் கை. கூட்டத்தைப் பார்த்துத் தலைவர் கையசைத்தாலே பிரசாரம்தான், தேர்தல் சட்டத்தால் அதைத் தடுக்க முடியுமா?

இனி யானைக்கு வருவோம். வில்கமுவவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் பாதிக் காரணம். ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் யானை. கொழும்பில் அது பெரஹராவில் அலங்காரம் போட்டு வரும் யானை, ஐசுவரியம், பலம். வஸ்கமுவ காட்டோரத்தில் யானை என்றால் ராத்திரி வயலுக்குள் இறங்குகிற, வீட்டுச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுக்கிற, சில வேளைகளில் ஆளையே கொல்கிற மிருகம். மின்சார வேலிக்கு இந்தப் பக்கம் மனிதர், அந்தப் பக்கம் யானை. வேலி வேலை செய்யாத இரவுகளில் அந்தக் கணக்கும் இல்லை. அப்படியானால் இந்தப் பகுதியில் அந்தச் சின்னத்துக்கு ஒரு வாக்கும் விழுந்திருக்கக் கூடாதே? விழுந்தது. 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ யானை அள்ளிக்கொண்டு போனபோது காட்டோரத்துக் கிராமங்கள் விதிவிலக்காக நிற்கவில்லை. வெடி கொளுத்தி யானை விரட்டிவிட்டு வந்து, காலையில் யானைக்குப் புள்ளடி போட்டவர்களைக் கேட்டால் இதில் என்ன வேடிக்கை என்பார்கள். அது வேறு யானை.

சின்னங்களைப் பற்றி எனக்குத் தோன்றும் முக்கியமான விஷயம் இதுதான். பழகிய சின்னம் படமாக இருப்பதை நிறுத்திக்கொண்டு பெயராகிவிடுகிறது. அதில் யானையை யாரும் பார்ப்பதில்லை, கட்சியைத்தான் பார்க்கிறார்கள். ஆபத்து புதிய சின்னத்தில்தான் இருக்கிறது. அது இன்னும் படமாகவே இருப்பதால், வைத்தவர் நினைத்ததையும் நினைக்காததையும் சேர்த்துப் பேசும்.

அதற்குப் போகுமுன் இதே மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், ஏனென்றால் படம் பழகுவதற்குக் காலம் வேண்டும், அந்தக் காலம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ரத்தோட்டை, மாத்தளைத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களும் 1931இல் நிறப் பெட்டியைப் பார்த்துப் பழகத் தொடங்கியவர்கள்தான். அட்டனில் பெரி சுந்தரம் அந்தத் தேர்தலில் அரசாங்க சபைக்குப் போய் அமைச்சரும் ஆனார். 1947இல் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் நாடாளுமன்றம் போனார். மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கடுத்த வருடம் தேர்தல் திருத்தச் சட்டம். 1952இல் மலையகத்தின் பெரும்பகுதிக்கு வாக்குச்சீட்டே இல்லை. தொண்டமான் மறுபடியும் தேர்தலில் வென்றது 1977இல், மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில். அந்த இடைவெளியில் யானை, கை, சாவி என்று வில்கமுவக் கிராமவாசிக்குச் சின்னங்கள் மனப்பாடமாகியிருந்தன. மலைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறை முழுவதும் அவற்றைச் சுவரொட்டியில் மட்டும் பார்த்தது.

1982 டிசம்பர் 22. இலங்கையின் வரலாற்றில் இதுவரை நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபர் 20இல் ஜே.ஆர். ஜயவர்தன 52.91 வீத வாக்குகளோடு ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். அடுத்து வரவேண்டியது பொதுத் தேர்தல். அது புதிய அரசியலமைப்பின் விகிதாசார முறையில் நடக்கும், 1977இல் கிடைத்த ஆறில் ஐந்து பலம் அதில் கரைந்துபோகும். ஆகவே தேர்தலே வேண்டாம், இருக்கிற நாடாளுமன்றத்தின் ஆயுளை 1983இலிருந்து மேலும் ஆறு வருடங்களுக்கு நீட்டிவிடலாம் என்று ஒரு திருத்தச் சட்டமூலம் வந்தது. மக்களிடம் கேட்க வேண்டியது ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள். யானையும் கையும் அந்தத் தாளில் இருக்க முடியாது, கேள்வி கட்சியைப் பற்றியது அல்ல. புதிதாக இரண்டு படங்கள் வேண்டும்.

ஆம் என்பதற்கு விளக்கு. இல்லை என்பதற்குக் குடம்.

வாக்குச்சீட்டு வடிவமைப்பைப் பற்றி இந்த நாட்டில் ஒருவர் ஒரே ஒரு பாடம்தான் படிக்க வேண்டும் என்றால் இந்தத் தாளைப் படித்தால் போதும் என்பேன். விளக்குக்கு இந்தத் தீவில் எதிரியே இல்லை. விகாரையில் எண்ணெய் விளக்கு, கோயிலில் குத்துவிளக்கு, தேவாலயத்தில் மெழுகுவர்த்தி. கட்டடம் திறந்தாலும் கருத்தரங்கு தொடங்கினாலும் பிரமுகர்கள் முதலில் செய்வது விளக்கேற்றுவது. அதை அணைக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? குடத்தின் நிலைமை அவ்வளவு சுலபம் அல்ல. யாழ்ப்பாணத்து வீட்டு விசேஷம் எதை எடுத்தாலும் வாசலில் நிறைகுடம் வைத்து இரு பக்கமும் குத்துவிளக்கு வைப்போம். சிங்களவர்களுக்கும் பூக்கள் நிரம்பிய புன்கலசம் மங்களமே. ஆனால் நிறைந்திருக்கும்வரைதான் குடத்துக்கு அந்த மரியாதை. வெறுங்குடத்தோடு யாராவது எதிரே வந்தால் புறப்பட்ட காரியத்தை ஒத்திப்போடுகிற ஊர் நமது ஊர். கோட்டோவியத்தில் நீர் நிறைந்த குடத்தையும் வெறுங்குடத்தையும் எப்படி வேறுபடுத்திக் காட்டுவது? சடங்குகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பொருட்களை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றுக்கு ஒளியையும் மற்றதற்குச் சந்தேகத்தையும் கொடுத்தாயிற்று.

எதிரணிக்கு இருந்த சிரமத்தையும் கவனிக்க வேண்டும். கை, சாவி, மணி, சைக்கிள் என்று தங்கள் சின்னங்களைப் பல வருடங்கள் ஊட்டி வளர்த்த கட்சிகள், இரண்டு மாதங்களுக்குள் எல்லோரும் சேர்ந்து குடம் குடம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆளும் கட்சிக்கும் அதே வேலைதான், ஆனால் அவர்களிடம் வானொலியும் இருந்தது, விளக்கு என்ற பொருளின் பழைய செல்வாக்கும் இருந்தது.

முடிவு: விளக்குக்கு 31 இலட்சத்து 41 ஆயிரம் வாக்குகள், 54.66 வீதம். குடத்துக்கு 26 இலட்சத்து 5 ஆயிரம். இதைக் கண்டவுடன் விளக்குப் படம்தான் வென்றது என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். எழுதக் கூடாது. அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தது. வாக்கெடுப்பில் நடந்த அச்சுறுத்தல்களையும் ஆள்மாறாட்டத்தையும் பற்றித் தேர்தல் ஆணையாளரே 1987இல் வெளியான அறிக்கையில் எழுதினார். அது மட்டுமல்ல, குத்துவிளக்கைக் கும்பிட்டு வளர்ந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். முடிவெடுத்துவிட்டு வருகிற வாக்காளரைப் படம் அசைப்பதில்லை. முடிவெடுக்காமல் வந்து, கட்டத்துக்குமுன் பென்சிலோடு நிற்பவரிடம்தான் அது பேசும். அப்படிப்பட்டவர்கள் ஆயிரம் பேரா, இலட்சம் பேரா என்பதை எந்த எண்ணும் மேசையும் சொல்லாது. எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று: விடைகள் இரண்டே இரண்டு என்றால் இரண்டுக்கும் மங்கள, அமங்களச் சாயல் அற்ற சின்னங்களைக் கொடுப்பதுதான் நேர்மை. கத்தரிக்கோலும் குடையும் வைத்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

1989 பெப்ரவரி 15 பொதுத் தேர்தலோடு வாக்குச்சீட்டின் முகம் மறுபடியும் மாறியது. தொகுதி போய் மாவட்டம் வந்தது. வில்கமுவ மக்கள் அன்றிலிருந்து லக்கலைத் தொகுதிக்கென்று ஓர் உறுப்பினரைத் தெரிவதில்லை, மாத்தளை மாவட்டத்துக்குச் சேர்த்துத்தான் தெரிகிறார்கள். அதோடு விருப்பு வாக்கும் சேர்ந்துகொண்டது. சீட்டின் மேற்பகுதியில் கட்சிகளின் பெயரும் சின்னமும், கீழே வெறும் எண்களின் வரிசை. மாத்தளைக்கு இன்று 5 ஆசனங்கள் என்பதால் ஒவ்வொரு கட்சியும் அதைவிட மூன்று கூடுதலாக 8 பேரை நிறுத்தும், வரிசையும் 1 முதல் 8 வரை போகும். முதலில் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, பிறகு பிடித்த ஆட்களின் எண்களில் அதிகபட்சம் மூன்று புள்ளடி. கட்சியை விட்டுவிட்டு எண்ணுக்கு மட்டும் போட்டால் வாக்கு செல்லாது.

யோசித்துப் பார்த்தால், படம் வைத்துக் கஷ்டப்பட்டுக் கட்டிய வீட்டுக்குள் எண்ணைக் கொண்டுவந்து குடிவைத்த கதை இது. யானைக்கு உருவம் உண்டு, 3க்கு இல்லை. அதே 3 எல்லாக் கட்சிக்கும் இருக்கிறது, இந்தக் கட்சியில் ஓர் ஆள், அந்தக் கட்சியில் வேறோர் ஆள். கண் பார்த்துச் செய்த வேலையை இப்போது நினைவு செய்ய வேண்டும். அன்றிலிருந்து சுவரொட்டிகளில் வேட்பாளரின் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தைவிடப் பெரிய எண் வந்து உட்கார்ந்தது. ஒரே கட்சிக்காரர்கள் இருவர் ஒருவர் சுவரொட்டியின் மேல் மற்றவர் ஒட்டுகிற சண்டைக்கும் தொடக்கம் அங்கேதான்.

எண்ணும் கோடும் இடம் மாறினால் எழுதப் படிக்கத் தெரிந்த நாடுகளும் தடுமாறும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் சாட்சி. புளோரிடாவின் பாம் பீச்சில், வயதானவர்களுக்கு வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று தேர்தல் அதிகாரி தெரேசா லீபோர் எழுத்தைப் பெரிதாக்கினார். பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்காமல் எதிரெதிர்ப் பக்கங்களுக்குப் பரவின, துளைகள் நடுவில் ஒரே வரிசையில் நின்றன. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்தவர் அல் கோர். இரண்டாவது துளை வலப்பக்கத்து பற் புக்கானனுக்குரியது. அவருக்கு ஆதரவே இல்லாத அந்தக் கவுண்டியில் 3,407 வாக்குகள் விழுந்தன. மாநிலம் முழுவதும் புஷ் வென்றது 537 வாக்குகளால். நல்ல எண்ணத்தில் செய்த எழுத்துப் பெருக்கம் ஓர் உலக வல்லரசின் தலைவரை மாற்றியிருக்கலாம் என்பதை வடிவமைப்புப் படிக்கிற மாணவர்களுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நமது பிரச்சினை நீளம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், 26 அங்குல வாக்குச்சீட்டு. 2024இல் 39 பெயர்கள், 27 அங்குலம். மூன்று மொழிகளில் பெயர், சிங்கள அகரவரிசையில். வேண்டிய ஆளைத் தேடி வாக்காளரின் கண் மேலிருந்து கீழே இறங்கும்போது அதற்குக் கைப்பிடி சின்னம் மட்டுமே. இந்தக் கூட்டத்தில் யானை இல்லை. கவனித்திருப்பீர்கள், 2005இல் ரணில் விக்கிரமசிங்க போட்டியிட்ட பிறகு ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் யானை காணாமலே போய்விட்டது. 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் சஜித் பிரேமதாச என மூவரும் அன்னத்தில் வந்தார்கள்.

2020 பொதுத் தேர்தலில் நடந்தது இன்னும் பெரிய பரிசோதனை. ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து பிரிந்த சஜித் பிரேமதாசவின் அணி ஆண்டின் தொடக்கத்தில் தொலைபேசிச் சின்னத்தோடு கிளம்பியது. ஓகஸ்ட் 5இல் தேர்தல். தொலைபேசிக்கு 54 ஆசனங்கள். யானைக்கு நாடு முழுவதும் 2.15 வீத வாக்கும் ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடமும். எழுபது வருடச் சின்னத்தைவிட ஆறு மாதச் சின்னம் வலுவாக நின்றது. காரணம், தொலைபேசி எந்த உணர்ச்சியையும் கிளறாத பொருள். அதைப் பெயராக்குவது சுலபம். அதே அளவுகோலை 2024க்கு வைத்துப் பாருங்கள். ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாக நின்றார், சின்னம் எரிவாயு சிலிண்டர். 2022இல் வெற்றுச் சிலிண்டரோடு நாட்கணக்காக வரிசையில் நின்ற நாட்டுக்கு அந்தப் படம் சும்மா இருக்குமா? வரிசையை ஒழித்தவர் என்று அவரது ஆட்கள் அதை வாசித்தார்கள். வரிசையை நினைவூட்டுகிறது என்று எதிராளிகள் வாசித்தார்கள். விளக்கையும் குடத்தையும் போலச் சிலிண்டரும் படமாகவே இருந்தது, பெயராகவில்லை. அவருக்குக் கிடைத்தது 17.27 வீதம்.

வென்றது அநுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டி. 2020 பொதுத் தேர்தலில் 3 ஆசனங்கள் பெற்ற சின்னம், 2024 நவம்பரில் 159. மாத்தளையின் 5 ஆசனங்களில் 2020இல் 4ஐ மொட்டுச் சின்னம் எடுத்திருந்தது. நான்கு வருடங்களில் அதே 4 திசைகாட்டிக்குக் கைமாறின.

ஜனாதிபதித் தேர்தலின் அந்த 27 அங்குலத் தாளில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வெற்றுக் கட்டம். அதில் புள்ளடியும் போடலாம், 1 என்றும் எழுதலாம். 1 எழுதியவர் இன்னும் இருவருக்கு 2, 3 என்று இரண்டாம், மூன்றாம் விருப்பையும் எழுதலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோருடைய சீட்டுகளிலும் அந்த விருப்புகளைத் தேடுவார்கள். 1982 தொடக்கம் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்களில் அதற்குத் தேவையே வரவில்லை. 2024 செப்டெம்பரில் வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. மற்றவர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை மறுபடி விரித்தார்கள். அவற்றில் இந்த இருவருக்கும் சேர்த்துக் கிடைத்த விருப்புகள் 2 இலட்சத்து 73 ஆயிரம். பன்னிரண்டு சீட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. வேண்டுமென்றே எழுதாமல் விட்டவர்கள் அதில் உண்டு, தங்கள் ஆளுக்கு மட்டும் போடுங்கள் என்று கட்சிகள் சொன்னதைக் கேட்டவர்களும் உண்டு. ஆனால் 1947இலிருந்து புள்ளடிக்காகவே பழக்கப்பட்ட ஒரு கட்டம், தன்னுள் எண்ணும் எழுதலாம் என்று பார்க்கிறவருக்கு எந்த வகையிலும் காட்டிக்கொடுப்பதில்லை. பக்கத்தில் சிறியதாக இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்திருந்தால் அந்த 2 இலட்சத்து 73 ஆயிரம் எவ்வளவாகியிருக்கும் என்று தேர்தல் ஆணைக்குழு அடுத்த தேர்தலுக்குமுன் ஏதாவது ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மாதிரி வாக்கெடுப்பு நடத்திப் பார்க்கலாம். வில்கமுவவில் நடத்தினால் நல்லது.

(அடுத்த அத்தியாயம்: சுவரொட்டிகள்)